உதிரும் மணியும் உதிராத மணியும்: மினசோட்டா ஏரிகளின் காட்டரிசி குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வட பகுதி ஏரிகளில், ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஒரு வகைப் புல் நீருக்கு மேல் ஆள் உயரம் வளர்ந்து கதிர் முற்றி நிற்கும். அந்தக் கதிரைத் தட்டினால் மணி உதிரும். தட்டாமல் விட்டாலும் உதிரும். ஓர் இரவு பலத்த காற்று அடித்துவிட்டால் ஏரியின் விளைச்சலில் பெரும்பகுதி சேற்றுக்குள் போய்விடும். தானியம் விளைவிக்கும் எவருக்கும் இது பெருங்குறையாகவே தோன்றும். ஆனால் அந்த ஏரிகளை நம்பி வாழ்ந்துவரும் ஒஜிப்வே என்னும் பழங்குடி மக்களுக்கும், தெற்கு நோக்கி வலசை போகும் வாத்துகளுக்கும், அடுத்த ஆண்டு முளைத்தெழ வேண்டிய அந்தச் செடிக்குமே இந்த உதிர்வுதான் ஆதாரம். அதே செடியை வயலுக்குக் கொண்டுவந்தவர்களோ முதல் வேலையாக ஒழிக்க முயன்றது இந்த உதிர்வைத்தான். உண்ணத்தக்க நீர்த்தாவரம் ஒன்று சேகரிப்போருக்கும் உழவருக்கும் காட்டுயிர்களுக்கும் ஒருசேரப் பயன்படும்போது அவர்களுடைய தேவைகள் எங்கே இணங்குகின்றன, எங்கே முரண்படுகின்றன என்பதை இந்த ஒரே பண்பைப் பின்தொடர்ந்து சென்று பார்க்க முடியும்.

செடியின் போக்கு

சந்தையில் காட்டரிசி என்று விற்கப்படும் இந்தத் தானியத்தை ஒஜிப்வே மக்கள் மனோமின் என்கிறார்கள். ஸிஸேனியா பலஸ்ட்ரிஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். புல் குடும்பத்துக்குள் நெல்லுக்கு நெருங்கிய உறவுடையது என்றாலும் நெல்லின் பேரினத்தைச் சேர்ந்ததன்று. இது ஓராண்டுத் தாவரம். குளிர்காலம் வந்ததும் தண்டும் வேரும் மடிந்துபோகின்றன. தாமரைக்கோ கோரைக்கோ இருப்பதுபோல் சேற்றுக்குள் உயிரோடு காத்திருக்கும் கிழங்கு இதற்குக் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் விதையிலிருந்தே மீண்டும் எழ வேண்டும் என்பதால், முந்தைய இலையுதிர் காலத்தில் சேற்றில் விழுந்த மணிகளே அந்த ஏரியின் முழு மூலதனம்.

அந்த மணி விழும் விதமும் கவனிக்கத்தக்கது. உமியின் நுனியில் நீண்ட கூர் ஒன்று இருக்கிறது. அதில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு முட்கள் ஒரே திசை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. கனத்த முனை கீழாக மணி நேரே மூழ்கி, மெத்தென்ற சேற்றில் குத்தி நிற்கிறது. முட்கள் பிடித்துக்கொள்வதால் அலையோ நீரோட்டமோ அதை எளிதில் பெயர்ப்பதில்லை. விழுந்த உடனே அது முளைப்பதுமில்லை. உறைநிலைக்கு அருகிலுள்ள குளிர்ந்த நீரில் ஏறத்தாழ மூன்று மாதம் கிடந்தால்தான் அதன் உறக்கம் கலைகிறது. எல்லா மணிகளும் ஒரே வசந்தத்தில் முளைத்துவிடுவதும் கிடையாது. ஒரு பகுதி சில ஆண்டுகள்வரை சேற்றிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பருவம் முற்றிலும் பொய்த்துப்போன ஏரிகூட அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ மீண்டும் பச்சை கட்டுவதற்கு இந்தச் சேமிப்பே காரணம்.

வசந்தத்தில் முளைக்கும் செடி முதலில் நீருக்குள் மூழ்கிய இலைகளை விடுகிறது. மே மாத இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை இலைகள் நீர்ப்பரப்பில் நாடாபோல் நீண்டு மிதக்கின்றன. அதன் பிறகே தண்டு நிமிர்ந்து காற்றில் எழுகிறது. செடியின் வாழ்நாளில் மிக ஆபத்தான கட்டம் அந்த மிதக்கும் இலைப் பருவம்தான். இலை மேலே இழுக்க, வேர் இன்னும் சேற்றைச் சரியாகப் பற்றாத நிலையில், மழையாலோ மதகு மூடப்படுவதாலோ நீர் திடீரென்று ஓர் அடி உயர்ந்தால், செடி வேரோடு பெயர்ந்து கரையில் ஒதுங்கும், அல்லது மூழ்கி மடியும். அரை அடி முதல் மூன்று அடிவரை ஆழமுள்ள, மெல்ல நகரும், தெளிந்த நீரே இதற்கு ஏற்றது. தேங்கிக் கிடக்கும் குட்டையும் ஒத்துவராது, விரைந்தோடும் ஆறும் ஒத்துவராது.

ஏரியில் அறுவடை

மணிகள் ஒரே நாளில் முற்றுவதில்லை. கதிரின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி முற்றுகின்றன. தலைத்தண்டின் கதிர் முந்திக்கொள்ள, பக்கத் தூர்களின் கதிர் பிந்துகிறது. முற்றிய மணி மட்டும் காம்பிலிருந்து எளிதில் கழன்றுவிடும். பச்சை மணி எத்தனை தட்டினாலும் கழலாது. ஒஜிப்வே மக்களின் அறுவடை முறை முழுவதும் இந்தச் சீரற்ற முதிர்ச்சியை ஒட்டியே அமைந்திருக்கிறது.

ஒரு தோணியில் இருவர் செல்வார்கள். பின்னால் நிற்பவர் நுனி கவைத்த நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றித் தோணியைத் தள்ளுவார். துடுப்புப் போட்டால் செடி முறியும், வேர் கலங்கும். முன்னால் அமர்ந்திருப்பவர் கையில் இரண்டு மெல்லிய மரக்கோல்கள் இருக்கும், பெரும்பாலும் கனமில்லாத தேவதாரு வகை மரத்தில் இழைத்தவை. ஒரு கோலால் கைக்கெட்டும் தாள்களைத் தோணியின் விளிம்புக்கு மேல் வளைத்துப் பிடித்து, மற்றொரு கோலால் கதிரின் மேல் மென்மையாக வருடுவதுபோல் தட்டுவார். மழைத்தூறல் போன்ற ஓசையுடன் மணிகள் தோணிக்குள் விழும். கூர்கள் மேல்நோக்கி நிற்க, தரை முழுவதும் பச்சையும் ஊதாவும் கலந்த முள்மெத்தை பரவும். பிறகு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். தாளை விட்டதும் அது நிமிர்ந்துகொள்ள வேண்டும். தாள் முறியும்படி அடிப்பவரை அடுத்த தடவை யாரும் தோணியில் ஏற்ற விரும்புவதில்லை. சில நாள் கழித்து அதே இடத்துக்கு மீண்டும் வந்தால், அப்போது முற்றியிருக்கும் மணிகள் கிடைக்கும்.

பழைய வழக்கம் ஒன்று இதைவிட நுட்பமானது. கதிர் பால் பிடிக்கும் பருவத்திலேயே பெண்கள் தோணியில் சென்று, பாஸ்வுட் மரத்தின் உட்பட்டையில் திரித்த நாரால் தாள்களைக் கொத்துக்கொத்தாகக் கட்டிவைத்தார்கள். காற்றடித்தாலும் கட்டிய கதிரிலிருந்து மணி அவ்வளவாக உதிராது. பறவைகள் அமர்ந்து கொத்துவதும் குறையும். இந்த வரிசை இந்தக் குடும்பத்துக்குரியது என்பதற்கும் அந்தக் கட்டே அடையாளம். கட்டாமல் விட்ட பரப்பு பறவைக்கும் சேற்றுக்கும் போயிற்று. ஏரியை எந்த நாளில் திறப்பது என்பதைப் பட்டறிவு மிக்க மூத்தவர்கள் கதிரைப் பார்த்து முடிவு செய்தார்கள். இன்றும் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பல நிலங்களில் காட்டரிசிக் குழுக்கள் அதைச் செய்கின்றன.

கரைக்கு வந்த மணி ஈரமானது. குவித்து வைத்தால் புழுங்கிக் கெட்டுவிடும். வெயிலில் உலர்த்தி, இரும்புக் கொப்பரையில் இடைவிடாது கிளறி வறுக்கிறார்கள். வறுபட்டதும் உமி நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. தரையில் தோண்டிப் பலகை பரப்பிய சிறு குழியில் அதைக் கொட்டி, புதிய மான்தோல் காலணி அணிந்து, ஊன்றிய கழியைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். பின்னர் பிர்ச் மரப்பட்டைத் தட்டில் இட்டுப் புடைத்தால் உமி பறந்துபோக, கரும்பழுப்பு அரிசி மிஞ்சும். இப்படிப் பதப்படுத்திய அரிசி ஆண்டுக்கணக்கில் கெடாது.

மாநிலச் சட்டமும் இந்த முறையையே அடிப்படையாகக் கொண்டது. பொது நீர்நிலைகளில் இயந்திர அறுவடை 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. தோணி 18 அடி நீளத்தையும் 36 அங்குல அகலத்தையும் தாண்டக்கூடாது. தட்டும் கோல் 30 அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது, ஒரு பவுண்டுக்கு மேல் கனக்கக்கூடாது. இந்த அளவுகளைப் படிக்கும்போது அற்பமான கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் கருவியின் வலிமையை மட்டுப்படுத்தினால் எடுக்கும் அளவு தானாகவே மட்டுப்படும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஒரு நாளுக்கு இத்தனை பவுண்டு என்று வரம்பு விதித்து ஏரிதோறும் காவலுக்கு ஆள் நிறுத்துவதைவிட இது திறமையான ஏற்பாடு என்பதே என் கருத்து. இந்த முறையில் ஏரி விளைச்சலின் சிறு பகுதியே மனிதர் கைக்கு வருகிறது; மீதி முழுவதும் நீருக்குள் போகிறது.

மீதியை உண்பவர்கள்

அந்த மீதி வீணன்று. செப்டம்பரிலும் அக்டோபரிலும் வடக்கிலிருந்து இறங்கிவரும் மல்லார்ட் வாத்துகள், மர வாத்துகள், நீலச் சிறகுக் கிளுவைகள், வளையக் கழுத்து வாத்துகள் ஆகியவை சேற்றில் கிடக்கும் மணிகளைத் துழாவி உண்கின்றன. நெடும்பயணத்துக்கு முன் அவற்றுக்குத் தேவைப்படும் மாவுச்சத்து இங்கே ஆழமற்ற நீரில் குவிந்து கிடக்கிறது. மெக்கிரிகர் என்ற ஊருக்கு அருகே 1935-இல் ஏற்படுத்தப்பட்ட ரைஸ் லேக் தேசியக் காட்டுயிர்ப் புகலிடத்தில் வளையக் கழுத்து வாத்துகள் நல்ல ஆண்டுகளில் லட்சக்கணக்கில் கூடுகின்றன. அதே ஏரியில் ஒஜிப்வே குடும்பங்கள் இன்றும் கோலால் தட்டி அரிசி எடுக்கின்றன. பறவைகளின் பெருங்கூட்டம் வருவதற்குள் மனித அறுவடை முடிந்துவிடுகிறது.

மணி மட்டுமே உணவு என்று எண்ணிவிடக்கூடாது. தாள்களுக்கிடையே சோரா என்னும் சிறிய கானாங்கோழி நடந்து திரிகிறது. லூன் பறவைகளும் கிரீப் முக்குளிப்பான்களும் அந்தப் பரப்பின் விளிம்பில் குஞ்சு வளர்க்கின்றன. மஸ்க்ராட் என்னும் கொறிவிலங்கு தண்டைத் தின்பதோடு அதையே குவித்துக் கூடும் கட்டுகிறது. மூஸ் மான்கள் இளந்தண்டை மேய்கின்றன. அந்திப்பூச்சி இனம் ஒன்று பூங்கதிரில் முட்டையிட, அதன் புழு மணிக்குள் புகுந்து உண்கிறது; அறுவடை செய்வோர் கழுத்தையும் கையையும் கடிக்கும் அந்தப் புழுவை நொந்துகொள்ளாதவர் இல்லை. மாநில இயற்கைவளத் துறை 2008-இல் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்பில் முன்னுரிமை தேவைப்படும் 17 காட்டுயிர் இனங்கள் காட்டரிசி நீர்நிலைகளைப் பயன்படுத்துவதாகக் கூறியது. அவ்வறிக்கையின்படி மாநிலத்தில் இயற்கையாக வளரும் காட்டரிசியின் பரப்பு ஏறத்தாழ 64,000 ஏக்கர்.

காட்டுயிர் என்றாலே பயிருக்குத் துணை என்பதும் சரியன்று. அயல்நாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாதாக் கெண்டை மீன் சேற்றைக் கிளறி இளஞ்செடியைப் பெயர்த்துவிடுகிறது, நீரையும் கலக்கி ஒளி புகாமல் செய்கிறது. கனடா வாத்துகளும் டிரம்பெட்டர் அன்னங்களும் இளம் பயிரை மேய்ந்து தீர்த்த இடங்கள் உண்டு. பீவர் என்னும் கொறிவிலங்கு ஏரியின் வடிகாலில் கட்டும் அணை ஜூன் மாதத்தில் நீரை உயர்த்திவிடுவதால், அந்த அணைகளைக் கலைத்து வடிகாலைத் திறந்து வைப்பதே இன்று காட்டரிசி ஏரிகளின் பராமரிப்பில் ஆண்டுதோறும் நடக்கும் முதன்மையான வேலை. ஓர் உயிரினத்தின் வீட்டைக் கலைத்துத்தான் வேறு பல உயிரினங்களின் உணவைக் காக்க வேண்டியிருக்கிறது.

விளைச்சலும் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நல்ல விளைச்சலுக்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் சுணக்கம் காண்கிறது. இதற்கு மண்ணிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அமோகமாக விளைந்த ஆண்டின் தாள் முழுவதும் நீரில் சாய்ந்து மட்கும்போது, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சேற்றிலுள்ள தழைச்சத்தைத் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. அடுத்த பருவச் செடிக்குத் தேவைப்படும் நேரத்தில் தழைச்சத்து கிடைப்பதில்லை. ஆகவே ஒரே ஆண்டின் விளைச்சலை வைத்து ஓர் ஏரி கெட்டுவிட்டது என்றோ தேறிவிட்டது என்றோ கூறுவது அவசரத் தீர்ப்பாகும்.

வயலுக்கு வந்த செடி

1950-இல் ஜேம்ஸ் காட்வர்ட், ஜெரால்ட் காட்வர்ட் என்னும் சகோதரர்கள் மினசோட்டாவின் மெரிஃபீல்டு அருகே வரப்பு எழுப்பி, நீர் தேக்கி, ஏரி விதையை விதைத்தார்கள். செடி வளர்ந்தது; ஆனால் ஏரியில் நன்மையாக இருந்த பண்புகள் எல்லாம் வயலில் தீமையாயின. ஒரே பயிர் நெருக்கமாக நின்றதால் பழுப்புப் புள்ளி நோய் பரவியது. மணிகள் வெவ்வேறு நாளில் முற்றியதால், இயந்திரத்தை என்றைக்கு இறக்கினாலும் ஒரு பகுதி ஏற்கெனவே உதிர்ந்திருக்கும், மற்றொரு பகுதி பச்சையாக நிற்கும். தோணிக்காரர் பலமுறை வந்து சரிசெய்துகொண்ட இந்தச் சிக்கலுக்கு, ஒரே முறை மட்டும் வயலில் ஓடும் அறுவடை இயந்திரத்திடம் விடை இல்லை.

விடை செடியிலிருந்தே வந்தது. 1963-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய பின்னும் மணியை எளிதில் உதிர்க்காத செடிகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வழிவந்த ரகங்கள் பரவியதும் சாகுபடி வேகம் பிடித்தது. பெரிய உணவு நிறுவனங்களும் கொள்முதல் ஒப்பந்தத்தோடு வந்தன. நடைமுறை இப்போது பெரிதும் நிலைபெற்றுவிட்டது: வசந்தத்தில் நீர் நிறைந்த வயலில் பயிர் வளரும், கோடை இறுதியில் நீரை வடித்துத் தரையை இறுகவிட்டு இயந்திரத்தால் அறுப்பார்கள். விதைக்கென எடுத்த மணியைக் களஞ்சியத்தில் உலர்த்தி வைக்க முடியாது. உலர்ந்தால் அது செத்துவிடும் என்பதால் குளிர்ந்த நீரில் ஊறவைத்தே குளிர்காலத்தைக் கடத்த வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பம் மினசோட்டாவோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் நெல் விவசாயிகள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பாத்திகளிலும் இயந்திரங்களிலும் இதைப் பயிரிட்டு, 1980-களில் மினசோட்டாவின் உற்பத்தியையே தாண்டினார்கள். சந்தையில் அரிசி குவிந்து விலை சரிந்தபோது அடி விழுந்தது ஏரியில் தோணி தள்ளுபவர்களுக்கும் சேர்த்துத்தான். வயலில் விளைந்ததை அவ்வாறே குறிப்பிட்டு விற்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம் இந்தப் பின்னணியில் எழுந்தது. எனினும் சாகுபடியை வில்லனாகக் காட்டுவது எளிது, நியாயமன்று. நீர் நிறைந்த பாத்திகளிலும் வாத்துகளும் கரைப்பறவைகளும் இறங்குகின்றன. அறுவடையில் சிந்திய மணி அவற்றுக்கு உணவாகிறது. ஆனால் ஏரியில் விருந்தாளியாக இருக்கும் செஞ்சிறகுக் கரும்பறவை வயலில் திருடனாகிவிடுகிறது. உதிராத கதிர் அதற்கு உயரமான இடத்தில் பரிமாறப்பட்ட உணவு என்பதால் கூட்டமாக வந்து இறங்குகிறது, உழவர் வெடிச்சத்தம் எழுப்பி விரட்டுகிறார்.

நீரின் உயரமும் நீரின் உப்பும்

ஏரிப் பயிரின் உண்மையான எதிரி வயல் அன்று, அணை. அண்டை மாநிலமான விஸ்கான்சினில் 1923-இல் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டப்பட்டு சிப்பவா நீர்த்தேக்கம் உருவானபோது, லாக் கூர்ட் ஓரெய் ஒஜிப்வே மக்களின் ஊரும் கல்லறைகளும் காட்டரிசிப் பரப்புகளும் நீரில் மூழ்கின. மினசோட்டாவிலும் கரையோர வீடுகளின் வசதிக்காகவும் படகுப் போக்குவரத்துக்காகவும் நிலைநிறுத்தப்பட்ட நீர்மட்டங்கள் பல ஏரிகளில் பயிரை ஒடுக்கின. ஆண்டு முழுவதும் மாறாத நீர்மட்டம் படகுக்காரருக்கு விருப்பமானது. செடிக்கோ ஜூனில் உயராத, பருவத்தோடு சற்று ஏறி இறங்கும் நீரே தேவை.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜான் மாயில் என்ற உயிரியலாளர் 1930, 40-களில் மாநிலத்தின் நீர்நிலைகளை ஆராய்ந்தபோது, லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்பேட் என்னும் கந்தக உப்பு உள்ள நீரில் காட்டரிசி பெரும்பரப்பில் வளரவில்லை என்று கண்டார். அதன் அடிப்படையில் 1973-இல் மாநிலம் அந்த 10 மில்லிகிராமையே தர வரம்பாக்கியது. சல்பேட் நேரடியாகச் செடியைக் கொல்வதில்லை. பிராணவாயு இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் அதைச் சல்பைடாக மாற்றுகின்றன, அதுவே நஞ்சு. சேற்றில் இரும்பு போதிய அளவு இருந்தால் சல்பைடு அதனோடு பிணைந்து அடங்கிவிடும். அந்தத் தற்காப்பும் முழுமையானதன்று: சல்பேட் மிகுந்த தொட்டிகளில் வளர்த்த செடிகளின் வேரில், மணி பிடிக்கும் சமயத்தில் கரிய இரும்புச் சல்பைடுப் படலம் படிவதையும், மணிகள் எண்ணிக்கையிலும் எடையிலும் குறைவதையும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆண்டுச் செடி பச்சையாகவே நிற்கும்; அது விட்டுச்செல்லும் விதை குறையும்; தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே தேய்ந்து ஒரு நாள் இல்லாமல் போகும்.

அந்த வரம்பு நெடுங்காலம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. இரும்புத்தாதுச் சுரங்கங்களின் கழிவுநீரும் நகராட்சிகளின் கழிவுநீரும் சல்பேட் சுமந்து வருபவை. அதைப் பிரித்தெடுப்பது செலவு மிக்க வேலை. ஒரே எண்ணுக்குப் பதிலாக ஒவ்வோர் ஏரியின் சேற்றிலுள்ள இரும்பையும் கரிமத்தையும் கணக்கிட்டுத் தனித்தனி வரம்பு விதிக்கும் சூத்திரம் ஒன்றை மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமை 2017-இல் முன்வைத்தது. 2018-இல் நிர்வாகச் சட்ட நீதிபதி அதை ஏற்க மறுத்தபின் அது கைவிடப்பட்டது. பழைய வரம்பே நீடித்தது. 2021-இல் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் முகமை தலையிட்டு, அந்த வரம்பை மீறிய முப்பதுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைப் பாதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் சேர்த்தது. சூத்திரம் அறிவியல் நோக்கில் நுட்பமானதாகவே இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான ஏரிகளின் சேற்றை அள்ளி அளந்து முடித்த பிறகே வரம்பு நடைமுறைக்கு வரும் என்றால், அதுவரை கழிவுநீர் காத்திருக்கப்போவதில்லை.

உரிமையும் விதையும்

அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தாங்கள் விட்டுக்கொடுத்த நிலத்திலுள்ள ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் ஒஜிப்வே மக்களுக்கு உறுதியளித்தது. 1999-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த உரிமை இன்னும் உயிரோடிருப்பதாகத் தீர்ப்பளித்தது. சேகரிக்கும் உரிமை இருக்க, சேகரிக்கப் பயிர் இல்லாமற் போனால் அந்த உரிமைக்கு என்ன பொருள் என்ற வினா அதைத் தொடர்ந்து எழுந்தது. 2018-இல் ஒயிட் எர்த் ஒஜிப்வே குழுவினர் மனோமின் செடிக்கே தழைத்து வாழும் உரிமை உண்டு என்று தங்கள் சட்டத்தில் எழுதினார்கள். மரபணு ஆய்வு குறித்தும் அவர்களுக்கு ஐயம் இருந்தது. இந்தப் பயிர் காற்றின் வழியே மகரந்தம் பெறுவது. ஒரே கதிரில் மேலேயுள்ள பெண் பூக்கள் கீழேயுள்ள ஆண் பூக்களுக்கு முந்தி மலர்வதால், அயல் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்கிறது. உதிராத ரகத்தின் மகரந்தம் ஏரிக்கு வந்து சேர்ந்தால் விதை விழுவதே குறையும் என்ற அச்சம் கற்பனையன்று. மரபணு மாற்றிய காட்டரிசியை வெளியிடுவதற்கு முன் முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்று மாநிலம் 2007-இல் சட்டம் இயற்றியது இந்த எதிர்ப்பின் விளைவே.

இதில் உழவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு குறைவாகவே எழுகிறது. நெல், கோதுமை போன்றவற்றின் விதையை உலர்த்தி, உறையவைத்துப் பல பத்தாண்டுகள் விதை வங்கியில் காக்கலாம். உலர்ந்தால் மடியும் காட்டரிசி விதைக்கு அந்த வழி பொருந்தாது. குளிர்ந்த நீரில் வைத்தாலும் ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் முளைப்புத்திறன் சரிந்துவிடுகிறது. பழுப்புப் புள்ளி நோயைத் தாங்கும் புதிய ரகமோ, வெப்பம் மிகுந்த கோடையைத் தாங்கும் ரகமோ நாளை தேவைப்பட்டால், இனப்பெருக்க ஆய்வாளர் தேடிப்போகக்கூடிய வங்கி அந்த ஏரிகளின் சேறு மட்டுமே. அங்கே ஆண்டுதோறும் மணி உதிர வேண்டும்.